மூன்று தண்டு மேப்பிள்

ஹெஸ்டர் பியூவுக்கு எதைக் கண்டாலும் குமட்டும் என்று எங்கள் ஷ்ராப்ஷர் பக்கத்தில் கேலி பேசுவார்கள். எனக்குத் தெரிந்து அவளுக்குக் குமட்டியது ஒன்றே ஒன்றுதான்: மரத்தின் மீது அக்கறை இருப்பதுபோல் நடித்துக்கொண்டே அதைக் கொல்வது.

மரமேறிக் கிளை வெட்டுவதுதான் அவளுடைய முதல் பிழைப்பு. தோள்பட்டை போன பிறகு படித்து, ரோட்னி பிளாக்மோர் நடத்திய மர ஆலோசனை அலுவலகத்தில் சேர்ந்தாள். வீடு கட்டுகிறவர்கள் மரத்தைச் சுற்றி எவ்வளவு தூரம் தோண்டக் கூடாது என்று கணக்கிட்டு, வேர்க்காப்பு வட்டம் போட்டுத் தருவது அங்கே வேலை.

பழைய ஆப்பிள் தோட்டம் ஒன்றில் வீடுகள் வரவிருந்தன. அதன் ஓரத்தில், அடியிலேயே மூன்றாகப் பிரிந்த ஒரு மேப்பிள் மரம். நெஞ்சுயரத்துக்குச் சற்று மேலே ஒவ்வொரு தண்டின் விட்டத்தையும் அளந்தாள். இரண்டு தண்டுகள் நாற்பது சென்டிமீட்டர், ஒன்று இருபது. மூன்றையும் தனித்தனியாக வர்க்கமாக்கிக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால் அறுபது. அதைப் பன்னிரண்டால் பெருக்க, மரத்திலிருந்து ஏழு மீட்டர் இருபது வரை மண்வெட்டி படக் கூடாது. கடைசி வீட்டின் அஸ்திவாரம் அதற்குள் விழுந்தது. வரைபடத்தை ரோட்னியிடம் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள்.

வசந்தத்தில் வேறு வேலையாக அந்தப் பக்கம் போனவள் மேப்பிளைச் சுற்றிப் போட்டிருந்த காப்பு வேலியைப் பார்த்து நின்றுவிட்டாள். மரத்துக்கு ஐந்து மீட்டர்கூட இல்லை. வேலிக்கு இந்தப் பக்கம் இயந்திரம் தோண்டிப்போட்ட பள்ளத்தில் வேர்கள் பிய்ந்து நார்நாராய்த் தொங்கின. வேலியில் மாட்டியிருந்த வரைபடத்தில் தடித்த தண்டு ஒன்றை மட்டும் வைத்துப் போட்ட வட்டம். கீழே அவள் பெயர்.

நேரே அலுவலகத்துக்குப் போனாள். ரோட்னி சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தான்.

"ஒரே மரம்தானே ஹெஸ்டர், இருக்கறதுலயே தடிச்சதை எடுத்துக்கிட்டேன். அதுல என்ன தப்பு?"

"மத்த ரெண்டும் காத்தைக் குடிச்சா வளருது?"

"பில்டருக்கு வீடு வேணும். உனக்கு மரம் வேணும். ரெண்டு பேருக்கும் கொஞ்சம் கொஞ்சம் குடுத்தேன்."

"என் பேரையும் சேத்துல்ல குடுத்திருக்கீங்க. உங்களைப் பாக்கவே அருவருப்பா இருக்கு ரோட்னி."

அவன் வாயைத் துடைத்துக்கொண்டு, இந்த ஊரில் வேறு யார் வேலை தருவார்கள் என்று நிதானமாகக் கேட்டான். அவள் மேல்கோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். அன்று மாலையே ஊராட்சியின் மர அதிகாரி இமெல்டா ஸ்க்ரேஸைப் பார்த்து, அந்த வரைபடத்தில் இருப்பது தன் பெயர்தான், தன் கணக்கு இல்லை என்று சொன்னாள்.

மறுநாள் வேலை நின்றது. பிய்ந்த வேர்களைச் சுத்தமாக நறுக்கி, ஈரச்சாக்கு போர்த்தி, மண் மூடினார்கள். ஹெஸ்டரும் மண்டியிட்டு அந்த வேலை செய்தாள். கடைசி வீட்டை விலக்கிக் கட்டினார்கள். பள்ளத்தை ஒட்டிய தடித்த தண்டு அடுத்த கோடையில் பட்டுப்போனது. மற்ற இரண்டும் பிழைத்தன.

தொழிலில் அவளுக்குக் காட்டிக்கொடுத்தவள் என்ற பட்டம் கிடைத்தது. இப்போது தனியாகத்தான் தொழில் செய்கிறாள். வருகிற வேலை குறைவு. ரோட்னிக்கு ஒன்றும் ஆகவில்லை.

போன மாதம் அந்த வீடுகளுக்கான விளம்பரத்தாள் எங்கள் தெருவுக்கும் வந்தது. முகப்பில் அந்த மேப்பிளின் படம், பட்ட தண்டு தெரியாத கோணத்தில். 'மரநிழலில் உங்கள் இல்லம்' என்று எழுதியிருந்தது. என் வீட்டு வாசலில் நின்று அதைப் படித்த ஹெஸ்டர், காறி ரோஜாப்பாத்தியில் துப்பினாள்.

"மன்னிச்சுக்கோ, செடிமேல பட்டுடுச்சு" என்றாள் என்னிடம்.