வெள்ளியில் தேடிய மூச்சு

யுத்த காலத்தில் நான் புதுக்கோட்டைக் கல்லூரியில் பௌதிகம் சொல்லிக்கொடுத்தேன். வெள்ளிக் கிரகத்தில் உயிர் உண்டா என்று பார்க்க வெளிநாட்டார் அதன் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்திருந்தார்கள். ஒவ்வொரு வாயுவும் அந்த நிறப்பட்டையில் தனக்கென்று கறுப்புக் கோடுகளைப் போடும். பிராணவாயுவின் கோடு கிடைத்தால் அங்கே ஜீவராசி இருக்கலாம். கிடைத்ததோ வெறும் கரியமில வாயு. வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கே ஏமாற்றமாக இருக்கும்.

என் தம்பி கரி பஸ் ஓட்டினான். பெட்ரோல் கிடைக்காததால், பின்னால் ஓர் இரும்பு உருளையில் அடுப்புக்கரியைக் கனலவிட்டு, அதில் வரும் வாயுவில் ஓடுகிற பஸ். வெள்ளியைப் பற்றிச் சொன்னபோது சிரித்தான்.

“ஆளில்லாத ஊருக்கு எதுக்குண்ணே இம்புட்டு விசாரணை?”

ஐப்பசி அடைமழையில் ஒரு மத்தியானம், அரிமளத்தில் படுதாக்களை இறக்கிவிட்டு பஸ்ஸுக்குள் படுத்தவன் எழுந்திருக்கவில்லை. உருளையில் கரி அணையாமல் கிடந்தது. செத்தவன் முகம் சிவந்திருந்தது. அதைப் பார்த்துவிட்டு, “நல்லாக் குடிச்சிருக்கான்” என்றார் பஸ் முதலாளி. ஊரும் அதையே பிடித்துக்கொண்டது. பாவிகள், அவன் வெற்றிலைகூடப் போடமாட்டான். அவன் பெண்சாதி தெருவில் தலைகாட்ட முடியவில்லை.

ஆஸ்பத்திரி டாக்டரிடம் கெஞ்சி அவன் ரத்தத்தில் கொஞ்சம் வாங்கிவந்தேன். தண்ணீரில் கரைத்து, ஒளியை நிறம் பிரித்துக்காட்டும் கல்லூரியின் நிறமாலைக் கருவியில் வைத்தேன். இரண்டு கறுப்புக் கோடுகள். பிராணவாயு ஏறிய ரத்தமும் இரண்டு கோடுதான் காட்டும். ஆனால் பிராணவாயுவை உறிஞ்சும் ரசாயனத்தை விட்டால் அதில் இரண்டும் கலந்து ஒன்றாகிவிடும். அதைச் சொட்டினேன். கோடுகள் கலக்கவில்லை. கரியின் விஷவாயு ரத்தத்தை விடாமல் பிடித்திருந்தது. முகம் சிவந்ததும் அதனால்தான். அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

மறுநாள் முதலாளியைக் கையோடு கூட்டிவந்து காட்டினேன். குனிந்து நிதானமாகப் பார்த்தார்.

“கோடு தெரியுது, வாத்தியாரே. சாராயத்துக்கு எந்தக் கோடு?”

“சாராயம் இதில் தெரியாது.”

“அப்பக் குடிக்கலைன்னு எப்புடிச் சொல்லுவீங்க?”

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

வீட்டில் தம்பி பெண்சாதி காத்திருந்தாள்.

“அவுக குடிக்கலைன்னு அந்தக் கண்ணாடில தெரிஞ்சுச்சா மாமா?”

“தெரிஞ்சுச்சும்மா” என்று பொய் சொன்னேன்.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

“அப்ப வாங்க மாமா, ஊரக் கூட்டிச் சொல்லுங்க.”