ஆடிச்சுற்றும் பத்தாம் வகுப்புக் கணக்கும்

விடையைத் தெரிந்து வைத்துக்கொண்டே கேள்வி கேட்டுச் சம்பளம் வாங்குகிற தொழில் வாத்தியார் தொழில் ஒன்றுதான். சாக்பீஸ் தூசி தின்று வளர்ந்த சக ஜீவன்களே, உங்களுக்குத் தெரியாததா?

மறுபடியும் மாணவி

சங்கரன்கோவில் பள்ளி ஒன்றில் இருபது வருஷம் கணக்கு நடத்திய பிறகு எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. நான் நடத்துகிறேன் சரி, யாராவது கற்றுக்கொள்கிறார்களா? அதைத் தீர்த்துக்கொள்ள அஞ்சல் வழியில் எம்.ஏ. கல்வியியல் சேர்ந்தேன். சனி, ஞாயிறு திருநெல்வேலியில் வகுப்பு. முதல் பாடப் புத்தகக் கட்டு ஆசிரியர் அறைக்கு வந்த அன்று பக்கத்து நாற்காலி அறிவியல் டீச்சர் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"பிள்ளையைக் காலேஜ்ல சேக்குத வயசுல நீங்க ஹால் டிக்கெட் வாங்கப் போறீயளாக்கும்?"

வாயை மூடும் பயிற்சி

கேள்வி கேட்டதும் நாமே பதிலைச் சொல்லிவிடுகிறோம், பிள்ளைக்கு யோசிக்க நேரமே கொடுப்பதில்லை என்று அங்கே சொல்லித் தந்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. சொன்னது என்னைத்தான். திங்கட்கிழமை பத்தாம் வகுப்பு 'பி' பிரிவில் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு வாயை இறுக்க மூடிக்கொண்டு நின்றேன்.

மின்விசிறி கிறீச்சிடுவது அன்றைக்குத்தான் என் காதில் விழுந்தது. பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். விடை வரும் என்று நான் காத்திருக்க, முன்பெஞ்சு கோமதி பதறி எழுந்தாள்:

"டீச்சர், தலை சுத்துதா? ஓடிப் போயி சோடா வாங்கிட்டு வரட்டா?"

கெடு

'பி' பிரிவுக்கு எங்கள் துறையில் ஒரு கௌரவமான பெயர் உண்டு: மெல்லக் கற்போர். இவர்களுக்கென்று மெலிந்த கையேடு ஒன்று தருவோம். அதிலுள்ள கணக்கை அர்த்தம் தெரியாமல் திரும்பத் திரும்ப எழுதித் தேறிவிட வேண்டும். நானும் எழுத வைத்தவள்தான்.

எம்.ஏ.வுக்குச் செயலாய்வு ஒன்று செய்ய வேண்டியிருந்தது. வகுப்பில் உள்ள ஒரு குறையை எடுத்துக்கொண்டு, புது வழியைச் சோதித்துப் பார்த்து எழுத வேண்டும். கையேட்டை அலமாரியில் பூட்டினேன். விடை தப்பானால் சிவப்புப் பேனாவைத் திறக்காமல், "இது எப்படி வந்தது?" என்று கேட்க ஆரம்பித்தேன். அவ்வளவுதான், வகுப்பு சந்தைக்கடை ஆகிவிட்டது. சத்தம் கேட்டுத் தலைமையாசிரியர் வந்தார். நல்ல மனிதர், ஆனால் தேர்ச்சி குறைந்தால் மேலிடத்தில் கைகட்டி நிற்பவர் அவர்தான். எனக்கும் பயம் இல்லாமல் இல்லை. பத்தாவதில் கணக்கு போனால் பாதிப் பிள்ளைகளுக்குப் படிப்பே போனது மாதிரி. அவர் என்னை வராந்தாவுக்கு அழைத்துச் சொன்னார்:

"காலாண்டு வரைக்கும் உங்க ஆய்வு. பயலுவ தேறலைன்னா இந்த வகுப்பை வேற ஆள்ட்ட குடுத்திருவேன். அதுக்குப் பொறவு கையேடுதான் டீச்சர், வருத்தப்படக் கூடாது."

இறங்கிய கோடு

வரைபடத்தில் கோடு எவ்வளவு ஏறுகிறது, இறங்குகிறது என்று பார்க்கும் சாய்வுப் பாடம் எந்த வருஷமும் இவர்களுக்கு ஏறியதில்லை. அந்த நேரம் பார்த்து ஊர்க் கோயிலில் ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடி ஏறியது. ஊரே கோயிலைச் சுற்றிக்கொண்டிருந்தது. இத்தனை சுற்று வருகிறேன் என்று நேர்ந்துகொண்டு ஆடிச்சுற்று சுற்றுகிற கூட்டத்தில் என் வகுப்பும் பாதி இருந்தது. சட்டென்று எனக்குப் பொறி தட்டியது. "எத்தனை மணிக்கு எத்தனையாவது சுற்று என்று குறித்து வந்து வரைபடம் போடுங்கள்" என்றேன். கோயிலுக்குப் போகாத பிள்ளைகள் பள்ளி மைதானத்தைச் சுற்றினார்கள்.

வரைபடங்கள் வந்தன. முதலில் கிட்டத்தட்டச் செங்குத்தாக ஏறிய கோடுகள் கால் வலிக்க வலிக்கச் சாய்ந்து படுத்தன. கோமதியின் கோடு ஓரிடத்தில் மட்டமாகப் போனது. குச்சி ஐஸ் தின்ற நேரமாம். சாய்வு பூஜ்யம் என்பதை நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை. ஆனால் கணக்கில் ஒரு தடவைகூடத் தேறாத இசக்கிராஜின் கோடு, நடுவழியில் கீழே இறங்கியிருந்தது. சுற்றிய சுற்று எப்படிக் குறையும்? சிவப்புப் பேனா வரை போன கையை இழுத்துக்கொண்டு, எப்படி வந்தது என்று கேட்டேன். அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான்:

"நடுவுல எண்ணிக்கை மறந்துட்டு டீச்சர். கூட எண்ணிட்டா சாமி குத்தமாயிரும்லா? அதான் கொஞ்சம் குறைச்சு வச்சு அங்கன இருந்து மறுபடியும் எண்ணுனேன்."

காலாண்டு

கோடு கீழே இறங்கினால் குறை சாய்வு என்பதை அன்று அந்த வகுப்புக்கு நடத்தியது இசக்கிராஜ்தான். பலகையில் அவனே வரைந்து காட்டினான். அடுத்து வந்த பாடங்களையும் இப்படித்தான் அவர்கள் வாயாலேயே பேச வைத்தேன். காலாண்டுத் தாள்களைத் திருத்த உட்கார்ந்தேன். சாய்வுக் கேள்விக்கு விடையோடு நிற்காமல், காரணமும் எழுதியிருந்தார்கள், கேட்காமலே! 'பி' பிரிவு மொத்தமும் தேறியது. சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்கவும் தோன்றவில்லை. தாளை வாங்கிய இசக்கிராஜ் மதிப்பெண்ணைத் தடவிப் பார்த்துவிட்டு என் மேசைக்கு வந்தான்:

"வீட்ல நம்ப மாட்டாங்க டீச்சர். நீங்களே ஒரு போன் போட்டுச் சொல்லுதீயளா?"

தலைமையாசிரியரின் சங்கடம்

வகுப்பு என்னிடமே இருந்தது. செயலாய்வும் எழுதிக் கொடுத்தேன், நல்ல மதிப்பெண். அடுத்த வாரம் தலைமையாசிரியர் ஆசிரியர் அறைக்கே வந்து, எல்லார் முன்னாலும் என் எதிரே உட்கார்ந்தார்:

"ஏ பிரிவுக்காரப் பயலுவ வந்து நிக்கானுவ டீச்சர். 'நாங்க நல்லாப் படிக்குதது ஒரு குத்தமா, பி பிரிவுக்குக் கோயில் சுத்திக் கணக்கு, எங்களுக்கு மட்டும் ஏன் மனப்பாடம்'னு கேக்கானுவ. நீங்களே வந்து ஒரு பதில் சொல்லுங்க."

ஆக, சகோதர சகோதரிகளே, நான் ஆசிரியர் ஆகி இப்போதுதான் ஒரு வருஷம் ஆகிறது, சம்பளம் மட்டும் இருபத்தொரு வருஷமாக வாங்கிக்கொண்டிருக்கிறேன்.