கீதாவின் தொண்ணூற்றெட்டு

கீதாவை முதலில் ஏமாற்றியது அவளுடைய ஆள்காட்டி விரல். அடுத்தது அவள் தோழி. அந்த வரிசையில் எனக்கும் ஒரு இடம் உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்.

கீதா என் அக்கா. வயது இருபத்திரண்டு. மேற்குத் தாம்பரத்தில் எங்கள் வீடு. விடிந்தும் விடியாமலும் மைதானத்துக்கு ஓடப் போவாள். ஏழரைக்கு வேன் ஏறி சிறுசேரிக்குப் போவாள். அங்கே கம்ப்யூட்டர் கம்பெனி கேன்டீனில் பில் போடுகிற வேலை. நாள் முழுக்க சாப்பாட்டுக்கு நடுவில் நின்றுகொண்டு, தான் டீயும் பன்னும் தின்று நாளைக் கழிப்பாள். போலீஸ் வேலைக்கான எழுத்துத் தேர்வை முடித்துவிட்டாள். மிச்சம் ஓட்டம். நானூறு மீட்டரை இரண்டரை நிமிடத்தில் ஓட வேண்டும். கேன்டீனிலிருந்து வெளியே வர அவளுக்கு இருந்தது அந்த நானூறு மீட்டர்தான்.

ஓட்டத்தில் அவளுக்கு ஒரு வால் உண்டு. அடுத்த தெரு தேவதர்ஷினி. ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் கவுன்டரில் உட்காருகிறவள், அதே தேர்வு எழுதியவள். தனியாக ஓடினால் அவளுக்கு இரண்டரை நிமிடத்தைத் தாண்டிவிடும். அக்காவின் பின்னல் முன்னால் ஆடினால்தான் அவளுக்குக் கால் வரும்.

"நீ மெதுவா போனா நான் படுத்துருவேன்டி," என்பாள்.

"நீ படுத்தா நான் மிதிச்சிகினு போவேன்," என்பாள் அக்கா. ஆனால் வளைவுக்கு வளைவு திரும்பிப் பார்த்துக்கொண்டேதான் ஓடுவாள்.

பயிற்சி தருகிறவர் ராஜாராமன் சார், ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டுகிற ஆக்சிமீட்டரைக் கொரோனா காலத்தில் வாங்கி, சட்டைப்பையிலேயே வைத்திருப்பார். காலையில் எல்லோரையும் வரிசையில் நிறுத்தி விரலில் மாட்டுவார். தொண்ணூற்றைந்துக்கு மேல் காட்டினால் உட்கார அனுமதி இல்லை. அது அந்த மைதானத்தின் சட்டம்.

இந்த வருஷம் தை பிறந்ததிலிருந்து அக்காவுக்குக் கால் கனத்தது. ஒரு நிமிடம் ஐம்பது விநாடியில் முடிப்பவள் இரண்டு பத்துக்கு வந்தாள், பிறகு இரண்டு இருபது. முந்நூறு மீட்டரில் தொடை கல்லாகிறது என்றாள்.

சார் விரலைப் பிடித்தார். "தொண்ணூத்தெட்டு. ஆக்சிஜன் ஃபுல்லா இருக்கு. ஏம்மா நடிக்கிற? ஓடு."

வீட்டில் மாடிப்படி ஏறியதும் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். நான் அதே மாதிரி சுவரைப் பிடித்து, நாக்கைத் தள்ளி, நடித்துக் காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். வரிசையில் என் இடம் அதுதான்.

தேவதர்ஷினிதான் சொன்னாள், "எங்க லேப்ல டெஸ்ட் எடுத்துரு. ஸ்டாஃப்னு சொல்லி என் போன் நம்பர்ல போடுறேன், பாதி ரேட்தான், ரிப்போர்ட்டும் எனக்கே வந்துரும்." ரத்தம் கொடுத்த மறுநாள் அக்கா கேட்டாள்.

"ரிப்போர்ட் வந்துச்சா?"

"வந்துச்சு. எல்லாம் நார்மல்தான். உனக்கு பயம்தான்டி வியாதி."

அக்கா நம்பினாள். விரல் தொண்ணூற்றெட்டு என்றது, தோழி நார்மல் என்றாள். அப்படியென்றால் குறை தன் மனசில்தான் என்று முடிவு செய்து, இன்னும் அரை மணி நேரம் முன்னதாக எழுந்து ஓடினாள்.

ஐந்து வாரம் கழித்துத் தேர்வு. இருவருக்கும் ஒரே சுற்றில் ஓட்டம். அக்கா முதல் இருநூறு மீட்டர் பழைய கீதாவாக ஓடினாள், தேவதர்ஷினி அவள் பின்னலைப் பார்த்தபடி பின்னாலேயே. முந்நூறில் அக்காவின் கால் நின்றுவிட்டது போல ஆயிற்று. தேவதர்ஷினி பக்கவாட்டில் விலகித் தாண்டிப் போனாள், திரும்பிப் பார்க்கவில்லை. அவளுக்கு இரண்டு இருபத்தாறு, தேர்ச்சி. அக்காவுக்கு இரண்டு நாற்பத்தொன்று.

அன்றைக்கே அப்பா அவளை டாக்டர் வேதாவிடம் கூட்டிப்போனார். நானும் போனேன். டாக்டர் கண் இமையை இழுத்துப் பார்த்தார். மாதம் பத்து நாள் ரத்தம் போகிறது என்பதை அக்கா முதல் முறையாக வாய்விட்டுச் சொன்னாள். பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். தாள் வந்தது. ஹீமோகுளோபின் ஏழு புள்ளி இரண்டு. குறைந்தது பன்னிரண்டு இருக்க வேண்டுமாம்.

"ஆனா மெசின்ல தொண்ணூத்தெட்டு காட்டுச்சே டாக்டர்," என்றாள் அக்கா.

"இருக்கிற ஹீமோகுளோபின்ல எவ்வளவு நிரம்பியிருக்குன்னுதான் அது காட்டும். மொத்தம் எவ்வளவு ஹீமோகுளோபின் இருக்குன்னு அதுக்குத் தெரியாது."

அப்பா தாம்பரத்துக்கும் ஊரப்பாக்கத்துக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். சட்டென்று பிடித்துக்கொண்டார். "சீட்டு ஃபுல்லாதான் கீது, ஆனா ரோட்ல ஓடற வண்டியே கம்மி. அதானே மேடம்?"

"அதேதான்."

அப்பாவின் கணக்கிலேயே சொல்கிறேன். ஒரு ஹீமோகுளோபினுக்கு நாலு சீட்டு. நுரையீரல்தான் ஸ்டாண்டு, அங்கே ஆக்சிஜன் ஏறும். தொடைக்குள் ரத்தக்குழாய் சந்து மாதிரி குறுகி, சிவப்பணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக நெளிந்து போகும். வேலை செய்கிற தசையில் சூடு, அமிலம், கரியமில வாயு எல்லாம் கூடுதல். அது பட்டதும் ஹீமோகுளோபினின் பிடி தளரும். ஆக்சிஜன் இறங்கி, மெல்லிய சுவரைத் தாண்டி, தான் குறைவாக இருக்கிற பக்கமாகச் செல்லுக்குள் நுழையும். உள்ளே மயோகுளோபின் என்கிற புரதம் அதை வாங்கி மைட்டோகாண்ட்ரியா என்கிற அடுப்புவரை கொண்டுவிட உதவும். அடுப்பு எரிந்தால் கால் நகரும். அக்காவின் தொடை கேட்டுக்கொண்டே இருந்தது. இறங்குவதற்கு ஆள்தான் பத்தவில்லை. அவள் நடிக்கவில்லை.

பத்தாவது புத்தகத்தில் ரத்தத்தைப் பற்றி ஒரு பாடம் உண்டு. என் புத்தகத்தில் அந்தப் பக்கத்து இதயத்துக்கு மீசை இருக்கும். நான் அந்தப் பரீட்சையில் ஃபெயில்.

டாக்டர் தாளைத் திருப்பினார். தேவதர்ஷினியின் லேபிலேயே அக்கா பெயரில் எடுத்ததால், போன முறை எடுத்த அளவும் பக்கத்திலேயே அச்சாகியிருந்தது. "அஞ்சு வாரம் முன்னாடியே ஏழு புள்ளி ஒன்பது. அப்பவே ஏன்மா வரல?"

"நார்மல்னு சொன்னாங்க."

"யாரு?"

அக்கா தாளை நாலாக மடித்து, மறுபடி பிரித்து, அந்த எண்ணைப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை தேவதர்ஷினி மைசூர்பாகு டப்பாவோடு வந்தாள். அக்கா தாளை அவள் முன்னால் வைத்தாள்.

"பாத்தியா, பாக்கலியா? அத்த மட்டும் சொல்லு."

தேவதர்ஷினி டப்பாவின் நூலைப் பிடித்துத் திருகினாள். "பாத்தேன்."

"பின்ன?"

"சொன்னா நீ ஓட்டத்த நிறுத்திருவ. நீ முன்னால இல்லன்னா எனக்கு ஓட வராதுன்னு உனக்கே தெரியும்."

"அதுக்கு?"

"நீ எப்படியும் பாஸ் பண்ணிடுவன்னு நெனச்சேன்டி. சத்தியமா."

"அந்த வளைவுல என்னைத் தாண்டினியே, அப்பவும் அப்டிதான் நெனச்சியா?"

தேவதர்ஷினி அழுதாள். அக்கா அழவில்லை. டப்பாவை எடுத்து அவள் கையில் திருப்பிக் கொடுத்து, செருப்பு இருக்கும் இடம்வரை கூடவே போய்விட்டு வந்தாள். எனக்கு மைசூர்பாகு என்றால் உயிர். அன்றைக்குக் கேட்கத் தோன்றவில்லை.

டாக்டரைப் பார்த்ததிலிருந்து இரும்புச்சத்து மாத்திரை, பேரீச்சம்பழம், சாப்பாட்டோடு டீ கிடையாது, அது இரும்பைச் சேரவிடாதாம். டாக்டர் மூன்று மாதம் ஓடக்கூடாது என்றார். அடுத்த தேர்வு எப்போது என்று யாருக்கும் தெரியாது. அவள் கேன்டீனில்தான் நிற்கிறாள். மாடிப்படியில் அவள் மூச்சு வாங்கினால் நான் செருப்பைத் தேடுகிற மாதிரி நின்றுவிடுவேன், அவள் முதலில் ஏறட்டும் என்று.

மூன்று மாதம் முடிந்த அன்று மைதானத்துக்குப் போனோம். ராஜாராமன் சார் ஆக்சிமீட்டரை நீட்டினார். அக்கா கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "வேணாம் சார். என் கால கேட்டுக்கறேன்."

ஒரே ஒரு சுற்று, மெதுவாக ஓடினாள். இரண்டாவது வளைவில் பழக்கதோஷத்தில் திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை. அதற்கப்புறம் திரும்பாமல் ஓடினாள்.