துரை கோபித்துக்கொண்ட குளம்

இத்தியடிக்குளம் என்று ஓர் ஊரே கிடையாதாமே என்று சட்டத்தரணி கேட்டபோது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. இங்கே கனடாவில் தம்பி போட்ட அகதி வழக்கில் அதுதான் சிக்கல். திருகோணமலைப் பக்கத்திலுள்ள எங்கள் ஊருக்கு வேறு பெயர் வைத்து, புது வரைபடத்திலும் அதையே போட்டுவிட்டார்கள். ஊர் பொய்யென்றால் அவன் சொன்னதெல்லாம் பொய்யாகிவிடும். திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

"விடுங்கோ அக்கா, நடக்கிறது நடக்கட்டும்" என்றான் தம்பி.

"நீ பேசாம இரு. வெள்ளைக்காரன் எங்கட ஊருக்கு வராமலா போனவன்? எங்கயாவது எழுதி வைச்சிருப்பான்."

சென்ட் லோரன்ட் பகுதியிலுள்ள மருந்துக் கம்பனியில் மாத்திரைப் பெட்டி அடுக்கும் வேலை முடிந்ததும் நேரே டவுன்டவுனுக்குப் போய்ப் பல்கலைக்கழக நூலகத்தில் உட்காருவேன். இலங்கை பற்றிய பழைய ஆங்கிலப் புத்தகங்கள் அங்கே ஓர் அலுமாரி நிறைய இருந்தன. குடிசனக் கணக்கு, காணிக் கணக்கு, வரிக் கணக்கு எல்லாம் புரட்டினேன். பக்கத்து ஊர்கள் இருந்தன, எங்களுடையது இல்லை. என் ஆங்கிலம் தட்டுத்தடுமாறித்தான் நடக்கும். ஆனால் எடுத்த காரியத்தைப் பாதியில் விடுகிற பழக்கம் எனக்கில்லை.

ஒருநாள் பஸ்ஸுக்குள் பொறி தட்டியது. வரியைக் கட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்த ஊரா எங்கள் ஊர்? துரைமார் எரிச்சல்பட்ட இடத்தில் அல்லவா தேட வேண்டும்! மாவட்டத் துரை ஒருவர் ஊர் ஊராகச் சுற்றி எழுதிய நாட்குறிப்பை எடுத்தேன். இருந்தது. குளக்கட்டைத் திருத்த ஆள் கேட்டால், அந்தக் கட்டின்மேல் இருக்கும் பிள்ளையாருக்குப் பொங்காமல் மண்வெட்டியைத் தொடமாட்டோம் என்று இத்தியடிக்குளத்தார் அடம்பிடித்தார்களாம். பானை பொங்கும்வரை துரை வெயிலில் காய்ந்தாராம். நூலகம் என்பதையும் மறந்து சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

விசாரணையன்று சாட்சியாக நானும் உள்ளே இருந்தேன். அதிகாரி அந்தப் பக்கத்தின் பிரதியை நிதானமாக வாசித்தார். இந்தப் பொங்கல் இப்போதும் நடக்கிறதா என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் தம்பியைக் கேட்டார். அதுவரை எல்லாவற்றுக்கும் ஓம், இல்லை என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான்.

"பிள்ளையார் இருக்கிறார். பொங்கத்தான் ஆக்கள் இல்லை. கடைசியாப் பொங்கினவையில நான் ஒருத்தன்தான் மிச்சம்."

அதிகாரி அந்தப் பிரதியை வழக்குத் தாள்களோடு சேர்த்து வைத்துக்கொண்டார். வழக்கு எங்கள் பக்கம் தீர்ந்தது. கனடாவுக்கு வந்ததிலிருந்து தம்பி என் வீட்டில்தான் இருந்தான். 'மிச்சம்' என்ற அந்த ஒரு சொல்லை என்னிடம்கூட அவன் சொன்னதில்லை.