லைசெஸ்ரர்

பிராங்பேர்ட் விமான நிலையத்துக்குப் போகும் ரயிலில் மகள் எனக்கு ஓர் ஊரின் பெயரைச் சொல்லித் தருகிறாள். "லெஸ்டர், அம்மா. லைசெஸ்ரர் எண்டு சொன்னால் அங்கை டாக்சிக்காரனுக்கு விளங்காது."

"ஓம்" என்கிறேன். வாய்க்குள் பழையதுதான் வருகிறது.

எனக்குப் பத்து வயதில், யாழ்ப்பாணத்து வீட்டுக்கு ஒரு நீலக் கடிதம் வந்தது. அண்ணா இங்கிலாந்துக்குத் தப்பிப் போய்ச் சேர்ந்திருந்தார். கடிதத்தின் பின்புறம் இருந்த ஊரை அப்பா எழுத்துக்கூட்டி வாசித்தார்: லைசெஸ்ரர். அண்ணாவைத் தேடி ஆமிக்காரர் இரண்டு தரம் வீட்டைச் சோதித்துப் போயிருந்தார்கள். இனி அவருடைய பெயர் யார் வாயிலும் வரக் கூடாது என்று அப்பா கண்டிப்பாகச் சொன்னார்.

அந்த ஊரே அண்ணாவுக்குப் பெயரானது. கத்தரிக்காய் பொரிந்து வீடெல்லாம் மணக்கும்போது அம்மா அகப்பையைப் பிடித்தபடி நிற்பா. "லைசெஸ்ரருக்கு இது எண்டால் உயிர்" என்பா. கோயிலில் அர்ச்சனைக்குப் பெயரும் நட்சத்திரமும் கேட்ட ஐயரிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னா: "ரோகிணி. பேர் சாமிக்குத் தெரியும்."

சண்டை முடிந்த பிறகும் அம்மா மாறவில்லை. சாகும்வரை அண்ணாவின் பெயர் அவவின் வாயில் வரவேயில்லை. எனக்கும் அதே பழக்கம் ஒட்டிக்கொண்டது.

நாளைக்கு அங்கே அண்ணாவின் செத்தவீடு. கிரியை செய்யும் ஐயர் பெயரும் நட்சத்திரமும் கேட்பார்.

"ஒருக்கால் சொல்லிப் பாருங்கோ அம்மா" என்கிறாள் மகள்.

"ரவீந்திரன்" என்கிறேன், ரயில் பெட்டியில் இருப்பவர்கள் திரும்பிப் பார்க்கும்படி.