அந்தப் படத்தில் இருந்த கதவு

செய்தி வந்தபோது நான் இலண்டன் டூட்டிங்கில் என் கடையில் மரவள்ளிக்கிழங்குப் பெட்டி ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தேன். "வெரோனிக்கா அன்ரி போயிட்டா" என்று மனைவி மேரி தொலைபேசியில் சொன்னாள்.  

அடுத்த நாள் இன்னொரு அழைப்பு வந்தது. எங்கள் பகுதிக் கவுன்சிலரின் அலுவலகத்திலிருந்து ஓர் இளம்பெண் பேசினாள். தேவாலயத்தில் நடக்கும் அடக்கப் பூசையில் கவுன்சிலர் சில வார்த்தைகள் பேச விரும்புகிறாராம். அன்ரியின் பழைய ஊர்வலப் படத்தையும் பக்கத்தில் வைக்க வேண்டுமாம். அன்ரிக்குப் பிள்ளைகள் இல்லாததால் ஒழுங்குகளை நானும் மேரியும்தான் பார்க்கிறோம். மே மாதம் தேர்தல். எங்கள் தேவாலயப் பங்கின் முதியோருக்கு நாங்கள் மதியச் சாப்பாடு கொடுக்கும் கவுன்சில் மண்டபத்தை மூடுவதா விடுவதா என்பதும் இந்த மனிதரின் கையில்தான் இருக்கிறது. "நாளைக்குச் சொல்றன்" என்று வைத்துவிட்டேன்.

அன்ரியை அறிந்த பங்கு மக்களாகிய உங்களுக்கு என் தயக்கம் சிரிப்பாக இருக்கும். அவராக இருந்தால் பதில் சொல்ல ஒரு நாள் எதற்கு?

கரீபியன் கடலின் செயின்ட் லூசியாத் தீவிலிருந்து இளம்பெண்ணாக இலண்டன் வந்தவர். கறுப்பருக்கு அறை இல்லை என்று வாசலில் எழுதிவைத்த காலம் அது. நான் மன்னாரிலிருந்து ஜெர்மனி போய், பிறகு இங்கே வந்து சேர்ந்தபோது, பூசை முடிந்து தேநீர் ஊற்றும் மேசையில் முதலில் கண்டது அவர் முகத்தைத்தான். எங்கள் தமிழ்ப் பூசையைப் பங்கில் சிலர் முணுமுணுத்தபோது, அடுத்த ஞாயிறு வந்து முன்வாங்கில் அமர்ந்து முழுப் பூசையும் கண்டார். "விளங்கிச்சுதோ அன்ரி?" என்று மேரி கேட்டாள். "கடவுளுக்கு விளங்கியிருக்கும். நீங்கள் இஞ்சதான் இருக்கிறியள் எண்டது மற்ற ஆக்களுக்கு விளங்கினாப் போதும்." அவர் பேசியது தீவின் ஆங்கிலம். என் நினைவில் அது எங்கள் பேச்சாகவே பதிந்துவிட்டது. அப்படியே எழுதுகிறேன்.

போன கவுன்சில் தேர்தலுக்கு முன் அதே மண்டபத்தில் வேட்பாளர் கூட்டம் நடந்ததே, அதைத்தான் சொல்ல வந்தேன். வேட்பாளர்களுக்குப் பொன்னாடை வாங்கியது எங்கள் தமிழ்க் குழு. போர்த்தியது நான். அவர்களில் ஒருவர், இன்றைய கவுன்சிலர்தான், "வணக்கம்" என்றதும் கை சிவக்கத் தட்டினோம். அவருக்குப் பின்னால் திரையில் ஒரு பெரிய கறுப்பு வெள்ளைப் படம். ஒரு பெரிய கதவின் முன்னே பதாகையோடு இளம் வெரோனிக்கா நின்றார். தன் படம் அங்கே வரப்போவது அவருக்கே தெரியாது. பேச்சு அமெரிக்காவில் கறுப்பின மக்கள் நடத்திய பேருந்துப் புறக்கணிப்பில் தொடங்கியது. "அமெரிக்காவுக்குப் போயிட்டார். டூட்டிங்குக்கு எப்ப திரும்புவார்?" என்று அன்ரி என் காதில் கேட்டார். மண்டபத்தைக் காப்பாற்றித் தருவதாக வேட்பாளர் சொன்னார். கடைசியில் படத்தைக் காட்டி, "அன்று உங்களோடு நாங்கள் நின்றோம். இன்று எங்களோடு நில்லுங்கள்" என்று முடித்தார்.

அன்ரி பொல்லை ஊன்றி எழும்பினார்.  "அன்ரி, மண்டபம்..." என்று கையைப் பிடித்தேன்.

"மண்டபம் வேணும்தான். அதுக்காக நான் நடந்த நடையை விக்க ஏலாது."

அமர்ந்தபடியே கேட்கலாமே என்று மேடையிலிருந்து கனிவாகச் சொன்னார்கள். "இதை நிண்டுதான் கேக்கவேணும்" என்றார். "மகன், அந்தக் கதவு யாரின்ர கதவு?"

வேட்பாளர் திரும்பிப் பார்த்தார். "உங்களுக்கு அறை தர மறுத்த ஒருவரின் வீடாக இருக்கலாம்."

"இல்லை. நான் அப்ப இருந்த இடத்துக் கவுன்சிலின்ர வீடு குடுக்கிற அலுவலகம். கவுன்சில் அப்ப உங்கட கட்சியின்ர கையில. வீட்டுக்குப் பதியப் போன எங்களைத் திருப்பி அனுப்பின கதவு அது. நீங்கள் எங்களோட நிக்கேல்லை மகன். கதவுக்கு உள்ளுக்கு நிண்டனீங்கள்."

மற்றக் கட்சிக்காரர் சிரித்துவிட்டார். அன்ரி அவர் பக்கம் திரும்பினார். "நீங்கள் சிரியாதேங்கோ. உங்கட ஆக்கள் அப்ப எங்களை இழிவாய் எழுதி வீடு வீடாய்ப் போட்ட நோட்டீசை இந்தச் சபையில வாசிக்க ஏலாது." பிறகு குரலைத் தாழ்த்தினார். "நான் வாழ்நாள் முழுக்க இந்த மகன்ர கட்சிக்குத்தான் போட்டனான். இனியும் போடுவன் போல. ஆனா நாங்கள் நடந்ததைக் காட்டி ஓட்டுக் கேளாதேங்கோ. நீங்கள் இனி என்ன செய்யப்போறியள் எண்டு சொல்லிக் கேளுங்கோ."

  குரலை உயர்த்தாமல், யாரையும் பகைக்காமல், தன் இளமையை அந்தத் திரையிலிருந்து அவர் திரும்ப வாங்கிக்கொண்டதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். இவ்வளவு பெரிய மனுஷியிடமா ஞாயிறுதோறும் இரண்டாம் கோப்பை தேநீர் கேட்டு நின்றோம் என்று வியந்துபோனேன்.

வேட்பாளர் பொன்னாடையைக் கழற்றி மடித்து மேசையில் வைத்துவிட்டுப் போனார். அடுத்த சாப்பாட்டு நாளில் அன்ரி அதையே மேசைவிரிப்பாகப் போட்டிருந்தார். "நல்ல துணி, வீணாக்கக்கூடாது" என்றவர், என்னைப் பார்த்து, "நீங்கள் சோதினை எழுத முந்தியே பரிசு குடுக்கிற ஆக்கள்" என்று சிரித்தார். தேர்தலில் அந்த வேட்பாளர் வென்றார். மண்டபத்தை மூடவும் இல்லை, காப்பாற்றித் தரவும் இல்லை. ஒவ்வோர் ஆண்டும் தவணை நீட்டிக்கொண்டே போகிறார்.

போரில் இறந்த எங்கள் சனத்துக்கு நாங்கள் விளக்கேற்றும் நாளிலும் கட்சிக்காரர்கள் மெழுகுதிரியோடு வருவார்கள். ஒருமுறை என் கலங்கிய முகமே ஒரு கட்சியின் பிரசுரத்தில் வந்தது. அதைப் பெருமையாகக் கடைச் சுவரில் ஒட்டியிருந்தேன். அன்ரி அந்தக் கேள்வியைக் கேட்ட பிறகு அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கும் ஒன்று தோன்றும்: போரை நிறுத்துங்கள் என்று இந்த நகரத் தெருவில் நாங்கள் கத்தியபோது, எந்தக் கதவு திறந்தது?

இன்று காலை கவுன்சிலர் அலுவலகப் பெண்ணை அழைத்தேன். "கவுன்சிலர் பூசைக்கு வரலாம். எல்லாரோடும் இருந்து செபிக்கலாம். பேச ஏலாது. படமும் வைக்க ஏலாது."

"அவருக்கு ஏமாற்றமாக இருக்கும்" என்றாள் அவள், பணிவாகத்தான்.

நான் விடவில்லை. "மண்டபத்தைப் பற்றிக் கதைக்கிறதெண்டால் செவ்வாய்க்கிழமை மத்தியானம் சாப்பிட வரச்சொல்லுங்கோ. என்ன செய்யப்போறார் எண்டு அங்க வந்து சொல்லட்டும்."

மண்டபம் என்ன ஆகுமோ தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது. அன்ரியிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தக் கேள்வி ஒன்றைத்தான் என்று நினைத்திருந்தேன். தொலைபேசியை வைத்த பிறகுதான் கவனித்தேன், அவ்வளவு நேரமும் நான் எழுந்து நின்றே பேசியிருக்கிறேன்.