மூன்று சுருள் டேப்பும் ஒரு பாலிஷ் மிஷினும்

என்னுடைய கார் கருநீல நிறம். அதை நான் வாய்திறந்து சொன்னால்தான் அடுத்தவருக்குத் தெரியும் என்ற நிலையில், மூன்று வருடம் அது எங்கள் வீட்டு வாசலில் நின்றது.

வாங்கியதே மலையில்தான். நான் வேலை பார்க்கும் ஏலக்காய் ஸ்டோரின் பழைய மேனேஜர் ஓட்டிய வண்டி. ஸ்டோர் என்றால் கடை இல்லை. பறித்து வந்த பச்சைக்காயை விறகுச் சூட்டில் உலர்த்தும் கட்டடம். அதன் புகைபோக்கிக்குப் பக்கத்திலேயே அந்த வண்டி மழையையும் புகையையும் வாங்கிக்கொண்டு வருடக்கணக்கில் நின்றிருக்கிறது. எஞ்சின் நன்றாக இருந்தது. அவர் ஊர் மாறிப் போகும்போது மலிவாகக் கொடுத்தார். நான் போடியிலிருந்து தினமும் விடியும் முன்பே ஜீப்பில் ஆட்களோடு ஆட்களாக மலையேறுகிறவன். கார் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும். அதனால் அதன் மேல் தேமல் போலப் படர்ந்திருந்த வெளுப்பை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அக்கா மகள் கல்யாணம் வரும்வரை.

அக்காவைத் தேவாரத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறது. மண்டபம் போடியில். கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது நானும் என் மனைவியும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தோம். கல்யாணப் பெண் சாப்பாட்டு இலைக்கு முன்னால் உட்கார்ந்தபடியே சொல்லிவிட்டாள்.

"மண்டபத்துக்கு நான் மாமா காருலதான் வருவேன். பரீட்சைக்கு அதுல போனேன், பாஸானேன். வேலைக்கு இண்டர்வியூ போனேன், கெடச்சுச்சு. அதுல ஏறிப் போன எதுவும் எனக்குத் தப்புனதில்ல."

மச்சான் கையைக் கழுவிக்கொண்டே வாசலில் நின்ற காரை எட்டிப் பார்த்தார். "ராசி இருக்கட்டும் ஆத்தா. வண்டிய நல்லாப் பாரு. அது நீலமா, சாம்பலா? பாக்குறவுக கல்யாணக் காருன்னா நெனப்பாக? கரி லோடு ஏத்தி வந்ததுன்னு நெனப்பாக."

"ஒங்க வாய்ல நல்ல வார்த்த ஒண்ணு வந்துட்டா உதிர்ந்துருமாக்கும்" என்றாள் அக்கா.

"மாப்ளே, கோவிச்சுக்கிறாதீக" என்று மச்சான் என் பக்கம் திரும்பினார். "கல்யாணத்துக்கு முந்துன வெள்ளிக்கெழம மண்டபச் சோலியா போடிக்கு வர்றேன். வண்டியோட முன்மூடியில, அந்த பானெட்டுல, என் மொகம் தெரிஞ்சா ஒங்க காரு. தெரியலையா, தேனியில ஒரு வெள்ளக் காரு சொல்லி வச்சிருக்கேன். அதுல ஏத்திவிட்டுருவோம்."

நான் "சரி மச்சான்" என்றேன். அதற்கு மேல் பேசிப் பழக்கமில்லை. கிளம்பும்போது கல்யாணப் பெண் மட்டும் கார்க் கதவுவரை வந்தாள். "மாமா, எப்படியாச்சும் பண்ணிருங்க மாமா" என்று மெதுவாகச் சொன்னாள். அவள் அப்பாவைப் போல அதட்டிச் சொல்லியிருந்தால் ஒருவேளை மறந்திருப்பேன்.

தேனியில் பாலிஷ் போடும் இடத்தில் விசாரித்தேன். அவர்கள் சொன்ன தொகைக்கு எங்கள் வீட்டுக்கே வெள்ளையடித்துவிடலாம். அதுவும் முகூர்த்த மாதம், வரிசையில் நிற்க வேண்டும், முறை வர இருபது நாள் ஆகும் என்றார்கள். அப்புறம்தான் மிஷினையே வாங்கி வீட்டில் தேய்த்துவிடலாம் என்ற யோசனை வந்தது. செல்போனில் வீடியோக்கள் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஏற்கனவே பளபளவென்று இருந்த காருக்கே பாலிஷ் போட்டார்கள். என் கார் மாதிரி ஒரு கார் எதிலும் இல்லை.

போடி பஜாரில் ஒரு டூல்ஸ் கடை இருக்கிறது. மலையிலிருந்து இறங்கியதும் நேராக அங்கே போனேன். கூட்டம். என் முறை வந்ததும் கடைக்காரர், "என்னண்ணே வேணும்?" என்றார். பின்னால் நாலு பேர் நிற்கிறார்கள். பாலிஷ் மிஷின் என்று சொன்னால் என்ன மாதிரி, எத்தனை வாட்ஸ், எந்த சைஸ் என்று கேட்பார்; எனக்குப் பதில் தெரியாது; பின்னால் நிற்பவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். இதெல்லாம் ஒரு நொடியில் ஓடியது. கண்ணுக்கு எதிரே இன்சுலேஷன் டேப் தொங்கியது. "டேப்பு ஒண்ணு" என்றேன்.

மறுநாளும் போனேன். மறுநாளும் டேப். மூன்றாம் நாள் கடைக்காரர் என்னைப் பார்த்ததுமே டேப்பை எடுத்து வைத்துவிட்டார்.

மூன்று சுருளையும் அலமாரியில் பார்த்த என் மனைவிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஏங்க, காருக்கு டேப்பச் சுத்தியே மறச்சிரலாம்னு முடிவு பண்ணிட்டீகளா? கெளம்புங்க, நான் வர்றேன்."

சனிக்கிழமை லீவு போட்டேன். அவள் கடைக்குள் ஏறிய வேகத்தில் முன்னால் நின்றவர்கள் தானாக வழிவிட்டார்கள். "காரு தேய்க்கிற மிசினு காட்டுங்க. வீட்டுல வச்சுத் தேய்க்க. வெலையும் கையக் கடிக்கக் கூடாது, காரும் கெட்டுறக் கூடாது. இவுக இதுவரைக்கும் தேச்சதில்ல."

கடைக்காரர் மூன்றை எடுத்து வைத்தார். முதலாவது, டிரில்லிங் மிஷினில் மாட்டிக்கொள்ளும் பஞ்சுத் தட்டு. விலை மிகக் குறைவு. "ஹெட்லைட்டுத் தேய்க்க ஆகும். முழுக் காரத் தேச்சா கை அந்துரும்" என்று அவரே ஓரம் தள்ளினார். இரண்டாவது பெரியது, கனமானது, கல் அறுக்கும் கிரைண்டர் சாயலில் இருந்தது. ஓட்டிக் காட்டினார். கடையே அதிர்ந்தது. எனக்குப் பிடித்துவிட்டது. ஸ்டோரில் ஏலக்காயைச் சலித்துத் தரம் பிரிக்கும் டிரம்மும் இதே உறுமல்தான் உறுமும். மூன்றாவது அதே விலைக்குப் பக்கத்தில்தான், ஆனால் பார்க்கச் சாது. தட்டு சுற்றுவதோடு பக்கவாட்டில் ஆடவும் செய்தது.

கடைக்காரர் அதை ஓடவிட்டுத் தன் உள்ளங்கையில் வைத்து அமுக்கினார். சுழற்சி நின்றுபோய் வெறும் ஆட்டம் மட்டும் இருந்தது.

"அமுக்குனா நின்னுருதே!" என்றேன். அன்றைக்குக் கடைக்குள் நான் பேசிய முதல் வார்த்தை அது.

"அதுதாண்ணே இதோட நல்ல குணம். பெயிண்டுக்கு மேல தோலு மாதிரி மெல்லிசா ஒரு பூச்சு இருக்கு. அந்தப் பெரிய மிசினு ஒரே எடத்துல ரெண்டு எண்ணுற நேரம் நின்னாப் போதும், தோலச் சுட்டுரும். பழகுன கைக்குத்தான் அது. இது தப்பா அமுக்குனா நின்னுக்கிரும். வேகத்த ஒண்ணுலருந்து ஆறு வரைக்கும் வச்சுக்கலாம். தூக்கிப் பாருங்க, தேங்கா கனந்தான்."

மனைவி இரண்டையும் தூக்கிப் பார்த்தாள். அரைமணி நேரம் கையில் பிடிக்க வேண்டியதை அரை நிமிடம் பிடித்துப் பார்த்து வாங்கக் கூடாது என்று சொல்லி, இரண்டையும் நெஞ்சு உயரத்தில் பிடித்தபடியே மற்றக் கேள்விகளைக் கேட்டாள். வயர் எத்தனை அடி? பஞ்சு தேய்ந்தால் தனியாகக் கிடைக்குமா? ரிப்பேர் என்றால் யார் பார்ப்பது? பதில்கள் முடிவதற்குள் பெரிய மிஷின் பிடித்திருந்த கை இறங்கிவிட்டது. "இதுவே போதும்" என்று சாதுவைக் கொடுத்தாள். கூடவே மூன்று விதப் பஞ்சு, ஒரு புட்டி பாலிஷ் மருந்து, நாலு மெத்தென்ற துணி. பில் போடும்போது கடைக்காரர் என்னைப் பார்த்தார். "டேப்பு வேணுமாண்ணே?"

ஞாயிற்றுக்கிழமை காலையில் காரைக் கழுவித் துடைத்தேன். உடனே தேய்க்கவில்லை. அங்கேதான் என் தொழில் புத்தி குறுக்கே வந்தது. ஏலக்காயை உலர் அறையிலிருந்து அள்ளியதும் கை பொறுக்காத சூட்டிலேயே கம்பி வலையில் போட்டுத் தேய்க்க வேண்டும். அப்போதுதான் காம்பு முறிந்து விழும், காய் மினுங்கும். ஆறவிட்டால் காம்பு தோல் மாதிரி இழுக்கும். இருபது வருடமாக நான் ஆட்களிடம் சத்தமாகச் சொல்லும் ஒரே வாக்கியம், "வெரசாத் தேயுங்க, சூடு ஆறிறப் போகுது" என்பதுதான். அதனால் காரை நிழலிலிருந்து வெளியே எடுத்து, உச்சி வெயிலில் இரண்டு மணி நேரம் நிறுத்தினேன். முன்மூடியில் கை வைத்தேன். சுரீர் என்றது. பதம் சரியாக இருக்கிறது என்று திருப்தியாக மிஷினை எடுத்தேன்.

பஞ்சில் மருந்து வைத்து, காரில் வைப்பதற்கு முன்பே சுவிட்சைப் போட்டேன். மருந்து முழுவதும் சுவரிலும், என் பனியனிலும், கொடியில் காய்ந்த மனைவியின் சேலையிலும் போய் ஒட்டிக்கொண்டது. சரி, இது தெரியாமல் செய்தது. அடுத்து வைத்துவிட்டுச் சுவிட்சைப் போட்டேன். மருந்து தகரத்தைத் தொட்டதும் காய்ந்தது. காயக் காய நான் இன்னும் வைத்தேன். ஒருமணி நேரத்தில் முன்மூடி முழுக்கவும், இடையில் கை வைத்துப் பார்த்த இடது பக்கப் பின்கதவிலும் வெள்ளை வளையங்கள், தட்டு தட்டாக. துணியால் துடைத்தால் வரவில்லை.

மனைவி வந்து பார்த்தாள். சேலையைப் பற்றி அப்போதைக்கு ஒன்றும் சொல்லவில்லை. அதிலிருந்தே நிலைமை எவ்வளவு மோசம் என்று புரிந்துகொண்டேன். "வெள்ளிக்கெழம ஒங்க மச்சான் வந்தா, மொகம் தெரியாது. தோசக்கல்லு தெரியும்" என்றாள்.

எனக்கு அழுகை வராத குறை. அந்தப் பிள்ளை கதவுவரை வந்து கேட்டது கண்ணுக்குள்ளேயே நின்றது. முன்பு வெறும் வெளுப்பு. இப்போது வெளுப்போடு வட்டமும். கடைக்காரருக்கு போன் போடு என்றேன். அவள் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, என் கையில் கொடுத்துவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றாள். நானே பேச வேண்டியதாயிற்று. நடந்ததைச் சொன்னேன்.

"வண்டிய எங்கண்ணே நிப்பாட்டித் தேச்சீக?"

"வெயில்லதான். நல்லாச் சூடேத்தித்தான் தேச்சேன்."

"எதுக்குண்ணே?"

"சூட்டோட தேச்சாத்தான மினுக்கம் வரும்?"

"அண்ணே, நீங்க ஏலக்காத் தோட்டத்துலயா வேல பாக்குறீக?" என்றார். ஆமாம் என்றதும் அவர் சிரித்த சிரிப்பு தெருவரைக்கும் கேட்டிருக்கும். நல்ல மனிதர், சிரித்து முடித்துவிட்டு வழியும் சொன்னார். "ஒண்ணும் கெட்டுப்போகல. ஈரத் துணியப் போட்டு ஊறவச்சுத் தொடைங்க. வண்டி ஆறட்டும். கை வச்சா ஜில்லுனு இருக்கணும். நெழல்ல வச்சு, கையகல எடமாத் தேயுங்க. மொதல்ல யாரும் பாக்காத மூலையில ஒரு எடம் தேச்சுப் பாத்துக்கங்க. ஓரத்து ரப்பருல மருந்து படாம டேப்பு ஒட்டிக்கங்க. டேப்பு ஒங்ககிட்ட இருக்குமே!"

எங்கள் ஊருக்கு மேற்கே மலை. மற்ற ஊர்க்காரர்களுக்கு ஆறு மணிவரை வெயில் என்றால், எங்களுக்கு அதற்கு வெகுநேரம் முன்பே சூரியன் மலைக்கு அந்தப் பக்கம் போய்விடும். தெரு முழுக்க மலையின் நிழல் விழுந்து குரங்கணிப் பக்கமிருந்து குளிர்ந்த காற்று இறங்கும். ஜீப் என்னை இறக்கிவிடுவதும் அந்த நேரம்தான். இத்தனை நாளாக அந்த நிழலில் டீ குடித்ததைத் தவிர நான் ஒன்றும் செய்ததில்லை.

திங்கட்கிழமை, ஈரத் துணியில் ஊறிய முன்மூடி வட்டங்கள் போயின. டிக்கிக்குக் கீழே ஒரு மூலையில் தேய்த்துப் பார்த்தேன். துடைத்ததும் ஒரு கையகல நீலம் தெரிந்தது. நான் வாங்கியபோதுகூடப் பார்த்திராத நீலம். மனைவியைக் கூப்பிட்டேன். அவள் குனிந்து பார்த்துவிட்டு, "இதுக்குள்ளயா இது இருந்துச்சு?" என்றாள்.

அப்புறம் ஒவ்வொரு மாலையும் ஒரு பகுதி. மிஷினை அமுக்காமல், விரட்டாமல், சும்மா கூடவே போனால் போதும் என்று கைக்குப் புரிந்தது. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். வழக்கமாக யாராவது பார்த்தால் உள்ளே போய்விடுவேன். மிஷின் கையில் ஓடும்போது அப்படிப் போக முடியாது. வியாழக்கிழமை இருட்டுவதற்குள் முழுக் காரும் முடிந்தது. இடது பக்கப் பின்கதவில் மட்டும் ஒரு வளையம் விடாப்பிடியாக நின்றது. அது என்னுடைய ஞாயிற்றுக்கிழமை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மச்சான் வந்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். அவர் காரைச் சுற்றி ஒரு நடை நடந்து, முன்மூடிக்கு எதிரே வந்து குனிந்தார். வலது கன்னத்தைக் காட்டினார். இடது கன்னத்தைக் காட்டினார். மீசையை நீவினார். பிறகு தலையைச் சாய்த்து உச்சந்தலையைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"என்ன மச்சான், தெரியலையா?" என்றேன் பயத்தோடு.

"தெரியுது மாப்ளே. தேவையில்லாததெல்லாம் தெரியுது. எனக்கு முடி இம்புட்டுக் கொட்டிருச்சுன்னு வீட்டுல ஒருத்தரும் சொல்லலயே!"

என் மனைவி உள்ளிருந்தே சத்தமாகச் சொன்னாள்: "அண்ணே, மொதல்ல தேனிக்குப் போனப் போட்டு வெள்ளக் காரு வேண்டாம்னு சொல்லுங்க. முடிய அப்புறம் பேசிக்கலாம்."

அவர் அங்கேயே நின்று போன் செய்து சொன்னார்.

திங்கட்கிழமை காலையில் தேவாரத்திலிருந்து பெண்ணை ஏற்றிக்கொண்டு நான்தான் காரை ஓட்டி வந்தேன். பின்கதவு வளையத்தை ஒரு மல்லிகைச் சரம் மறைத்துக்கொண்டிருந்தது. மண்டபத்து வாசலில் இறங்கியதும் அவள் நேராக உள்ளே போகவில்லை. முன்மூடிப் பக்கம் வந்து குனிந்து, நெற்றிச்சுட்டியைச் சரிசெய்துகொண்டாள். நாதஸ்வரக்காரர்கள் காத்திருந்தார்கள். "இப்பப் போலாம் மாமா" என்றாள்.

வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கினேன். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர், முன்பின் தெரியாதவர், காரைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். "வீட்டுலயா தேச்சீக? எந்த மாதிரி மிசினு?"

நான் சொல்ல ஆரம்பித்தேன். சுற்றுகிற மிஷினுக்கும் ஆடுகிற மிஷினுக்கும் வித்தியாசம் சொன்னேன். அமுக்கினால் ஏன் நிற்க வேண்டும் என்று சொன்னேன். வெயிலில் மட்டும் தேய்த்துவிடாதீர்கள் என்று சொல்லும்போது இன்னும் மூன்று பேர் சேர்ந்துவிட்டார்கள். உள்ளே மைக்கில் யாரோ யாரையோ கூப்பிடும் சத்தம் கேட்டது. நான் பஞ்சு விவகாரத்துக்குள் இறங்கியிருந்தேன்.

மனைவி பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். "ஏங்க! தாய்மாமன் மால போடணும்னு நாலு தடவ மைக்குல கூப்புட்டாச்சு. இங்க நின்னு கட போட்டிருக்கீகளா?"

"இந்தா வர்றேன்" என்றேன். அந்தப் பெரியவரிடம் திரும்பி, வேகத்தை மூன்றுக்கு மேல் வைக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடினேன்.